அதே பாறை, ஐம்பது படம், 11,400 ரூபாய்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டிவிடி டப்பா 4,300 ரூபாய். அமெரிக்காவிலிருந்து வீடு வந்து சேர அனுப்புகூலி 2,600. சுங்க வரி 1,700. போட்டுப் பார்க்க வாங்கிய புது பிளேயர் 2,800. ஆக மொத்தம் 11,400 ரூபாய். இது போக மூன்று மாத இரவுகள். எல்லாம் எதற்கு? 1930களிலும் 40களிலும் ஹாலிவுட்டின் சின்னக் கம்பெனிகள் மலிவாக எடுத்துத் தள்ளிய கௌபாய் படங்களைப் பார்ப்பதற்கு. இறங்குவதற்கு முன்னால் விஷயம் தெரிந்த யாராவது நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி மிச்சமாகியிருக்கும். எனக்குத் தெரிந்த வட்டத்தில் இந்தக் கிறுக்கு பிடித்த இன்னொரு ஆள் கிடையாது. அதனால் தனியாகவே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆரம்பம் ஜான் வெய்ன். 1939இல் வந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தில் துப்பாக்கியைச் சுழற்றிக்கொண்டு அவர் அறிமுகமாகும் காட்சியைப் பார்த்துவிட்டு, அதுதான் அவருக்கு முதல் படம் போல என்று நினைத்திருந்தேன். இல்லையாம். 1930இலேயே 'தி பிக் டிரெயில்' என்ற பெரிய படத்தில் கதாநாயகன். படம் படுத்துவிட்டது. அடுத்த ஒன்பது வருடம் மனிதர் சில்லறைப் படங்களில்தான் பிழைப்பு நடத்தியிருக்கிறார். வாரக்கணக்கில் ஒரு படம், ஒரே மாதிரி தொப்பி, ஒரே மாதிரி வில்லன். அந்த ஒன்பது வருடத்தையும் பார்த்துவிடுவது என்று எனக்கு ஒரு வெறி வந்தது. இணையத்தில் தேடியபோது 'ஐம்பது படம், ஒரே டப்பா' என்று ஒரு செகண்ட் ஹேண்ட் விளம்பரம் கண்ணில் பட்டது. படம் ஒன்றுக்கு 86 ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டு உடனே வாங்கினேன்.

முதல் அடி பிளேயரில் விழுந்தது. எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்பதற்கு டிவிடியில் மண்டலப் பூட்டு என்று ஒன்று உண்டாம். அமெரிக்க டிவிடி மண்டலம் 1, இந்தியாவுக்கு மண்டலம் 5, நம் பிளேயரில் ஓடாது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். பொதுவாக அவர் சொன்னது சரிதான். பயந்துபோய், பார்சல் வருவதற்கு முன்பே எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் ஒன்றை வாங்கி வைத்தேன். டப்பா வந்தது. ஒரு வாரம் கழித்து, சும்மா சோதித்துப் பார்ப்போமே என்று பழைய பிளேயரில் ஒரு டிவிடியைப் போட்டேன். ஜம்மென்று ஓடியது. இந்த மாதிரி மலிவு டப்பாக்களில் பெரும்பாலும் மண்டலப் பூட்டே கிடையாது. அட்டையின் பின்பக்கத்தில் சின்ன உலக உருண்டைக்குள் என்ன எண் போட்டிருக்கிறது என்று விற்றவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் 2,800 ரூபாய் மிச்சம்.

அதைவிடப் பெரிய அடி, இந்தப் படங்களில் நிறைய எவருக்கும் சொந்தமில்லை என்று பிறகு தெரிந்தபோது விழுந்தது. அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலத்துப் படத்துக்கு உரிமை முதலில் 28 வருடம். இருபத்தெட்டாவது வருடத்தில் மனு போட்டுப் புதுப்பிக்க வேண்டும். 1963 வரை வந்த படங்களுக்கெல்லாம் இதுதான் விதி. சின்னக் கம்பெனிகள் பல அதற்குள் மூடிவிட்டன, கைமாறிவிட்டன, அல்லது இந்தப் பழைய சரக்குக்கு யார் காசு கட்டுவது என்று விட்டுவிட்டன. அதனால் யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், விற்கலாம், இலவசமாகவும் தரலாம். இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இப்படிப்பட்ட படங்கள் வரிசையாக இருக்கின்றன. நான் சுங்க வரி கட்டி வாங்கியவற்றில் பெரும்பாலானவை அங்கே சும்மா கிடைத்தன. ஆனால் எல்லாப் படமும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டுப் பாடும் கௌபாய் ஜீன் ஆட்ரி தன் படங்களின் பிரதிகளைப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார். அவர் படங்களைக் காசு கொடுத்து வாங்கலாம், பிரிண்ட் அருமையாக இருக்கும். எது இலவசம், எது காசு என்று படம் படமாகப் பார்த்துவிட்டு அப்புறம் பர்ஸைத் திறங்கள்.

சரி, படத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு டிவிடி, ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் படம். எந்தப் பக்கம் எந்தப் படம் என்பதை நடு ஓட்டையைச் சுற்றி எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றி, விளக்கடியில் சாய்த்துப் பிடித்துப் படிக்க வேண்டும். தினம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு படம், சனிக்கிழமை மூன்று என்று திட்டம் போட்டேன். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, காய் நறுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்த என் மனைவி, "ஏங்க, இது நேத்துப் பார்த்த படம்தானே?" என்றாள். இல்லை, பெயரே வேறு, இது கலர் படம் என்று வாதாடினேன். "இந்தக் குதிரை இப்ப அந்தக் குன்று மேல இருந்து உருண்டு வரும் பாருங்க" என்றாள். வந்தது.

அது உண்மையிலேயே முந்தின நாள் பார்த்த படம்தான். பிற்காலத்தில் யாரோ அதற்குச் சாயம் பூசி, பெயரை மாற்றி, கொஞ்சம் வெட்டி, புதுப் படம் போல டப்பாவில் சேர்த்திருக்கிறார்கள். அன்றைக்கே உட்கார்ந்து ஐம்பதையும் சரிபார்த்தேன். நான்கு படங்கள் இப்படிப்பட்ட இரட்டைகள். அவை போக ஒன்பது படங்கள் கண்டபடி வெட்டப்பட்டவை. வெட்டியதற்கும் ஒரு கதை இருக்கிறது. தொலைக்காட்சி வந்த புதிதில் காட்டுவதற்குச் சரக்கு இல்லை. இந்தக் கௌபாய் படங்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. வில்லியம் பாய்ட் என்ற நடிகர் தான் 66 படங்களில் நடித்த 'ஹாப்பலாங் கேசிடி' பாத்திரத்தின் உரிமையைத் தானே வாங்கிக்கொண்டு, 1949இல் என்பிசி தொலைக்காட்சியில் ஓடவிட்டுக் கோடீஸ்வரரானார். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக மிஞ்சுவது ஐம்பத்துச் சொச்சம் நிமிடம். படம் 65 நிமிடம் ஓடினால் பத்து நிமிடத்தைத் தூக்கிக் கடாசினார்கள். பல படங்களுக்கு இன்று நம் கையில் இருப்பது அந்த 16 மில்லிமீட்டர் தொலைக்காட்சிப் பிரதியிலிருந்து எடுத்த பிரதிக்குப் பிரதிதான். வில்லன் ஏன் திடீரென்று பாதி வழியில் மனம் மாறினான் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்ட படம் ஒன்றில், காரணம் சொன்ன காட்சியே இல்லை என்று பிறகு தெரிந்தது.

ஆகவே படத்தைத் தொடங்குவதற்கு முன்னால் ஓடும் நேரத்தைப் பாருங்கள். வெளியானபோது எத்தனை நிமிடம் என்று ஒரு நிமிடம் தேடினால் கிடைத்துவிடும். 1933 முதல் 35 வரை லோன் ஸ்டார் என்ற பெயரில் ஜான் வெய்ன் நடித்த பதினாறு படங்களும் ஏறக்குறைய ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து நிமிடம் ஓடக்கூடியவை. கையில் இருப்பது நாற்பத்தைந்து காட்டினால் அதைத் தொடாதீர்கள். அடுத்தது பெயர் அட்டை. படத்தின் பெயர் மட்டும் வழவழப்பான புது எழுத்தில் வந்து, நடிகர் பட்டியல் பழைய கீறல் விழுந்த எழுத்தில் வந்தால் பெயரை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது சோதனை இசை. இதை நான் கண்டுபிடித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 1934இல் வந்த 'ராண்டி ரைட்ஸ் அலோன்' என்ற படம். நாயகன் குதிரையில் வந்து ஒரு மதுக்கடை வாசலில் இறங்குகிறான். உள்ளே பியானோ சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு போனால் கடைக்குள் ஒருவர்கூட உயிரோடு இல்லை. மேசை மேல் ஒரு பிணம், தரையில் சில. பியானோ மட்டும் தானாக வாசித்துக்கொண்டிருக்கிறது, தானியங்கிப் பியானோ. சுவரில் மாட்டிய படத்தின் கண்கள் வழியாக யாரோ இவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் டப்பாவில் இருந்த பிரதியில் இந்தக் காட்சி முழுவதும் கல்யாண வீட்டுக் கீபோர்டு போல ஒரு புது இசை பின்னணியில் ஓடியது. பியானோ வாசிப்பது காதிலேயே விழவில்லை. காட்சி எனக்குப் புரியவே இல்லை, கடந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து இலவசமாகக் கிடைத்த பழைய பிரதியில் அதே காட்சியைப் பார்த்தேன். பூட்ஸ் சத்தம், அந்த உற்சாகமான பியானோ, மற்றபடி நிசப்தம். நடுராத்திரியில் முதுகு சில்லிட்டது. இத்தனைக்கும் ஒரு வாரத்துக்குள் எடுத்து முடிக்கும் ரகப் படம் அது.

1930களின் முன்பாதியில் இந்த வகைப் படங்களில் பின்னணி இசையே கிட்டத்தட்ட கிடையாது. ஆரம்பத்தில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம், அவ்வளவுதான். நடுவில் குளம்படியும் காற்றும் வசனமும்தான். முதலில் அது வெறுமையாகத் தோன்றும், பழக இரண்டு படம் பிடிக்கும். 1934ஆம் வருடப் படத்தில் இடைவிடாமல் இசை ஓடினால் அது பிற்காலத்துப் பூச்சு. ஒலி கரகரப்பாகத்தான் இருக்கும், டிவி ஒலிபெருக்கியில் பாதி வசனம் போய்விடும். ஹெட்போன் போட்டுக்கொண்டால் பரவாயில்லை.

இன்னொரு குழப்பத்தால் நான் கண் டாக்டரிடம் போகாத குறை. 1932, 33இல் வார்னர் கம்பெனிக்காக வெய்ன் நடித்த ஆறு படங்கள் இருக்கின்றன. தூரத்தில் குதிரையில் பாய்ந்து வருகிறவர் ஒருவர் மாதிரியும், பக்கத்தில் வந்து இறங்குகிறவர் இன்னொருவர் மாதிரியும் இருந்தார்கள். உடம்பு வேறு, உட்காரும் விதம் வேறு. பிரிண்ட் மோசம் என்று நினைத்து மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். விஷயம் வேறு. அதே கதைகளைப் பேசாப்பட காலத்தில் கென் மேனார்டு என்ற அசாத்தியமான குதிரை வீரரை வைத்துப் பெரிய செலவில் எடுத்திருந்தார்கள். அந்தப் பழைய படங்களின் துரத்தல், மாட்டு மந்தை, சண்டைக் காட்சிகளை அப்படியே வெட்டி எடுத்து, வெய்னுக்கு மேனார்டு போலவே உடை மாட்டி, அதே சாயலில் ஒரு வெள்ளைக் குதிரையையும் கொடுத்து, பக்கத்திலிருந்து முகம் தெரியும் காட்சிகளை மட்டும் புதிதாக எடுத்து ஒட்டிவிட்டார்கள். தயாரிப்பாளர் லியான் ஷ்லெசிங்கர். கார்ட்டூன் படங்களால் பெயர் பெற்ற அதே ஆள்தான். இது தெரிந்த பிறகு அந்த ஒட்டு எங்கே விழுகிறது என்று தேடுவதே எனக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. முன்கூட்டித் தெரிந்திருந்தால் அந்த ஆறையும் சந்தோஷமாகப் பார்த்திருப்பேன்.

இப்போது என் பெரிய முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். தினம் இரண்டு, மூன்று என்று பார்த்தது. இருபதாவது படத்துக்குள் எனக்குள் ஏதோ செத்துவிட்டது. பண்ணைக்காரர், அவருக்கு ஒரு மகள், ஊர்ப் பெரிய மனிதன் வேஷத்தில் வில்லன், நிலத்தையோ தண்ணீரையோ பிடுங்கப் பார்ப்பான், நாயகன் ரகசிய அதிகாரியாக வந்து பிடிப்பான். வேலைக்குப் போகும்போதும் தலைக்குள் குளம்படிச் சத்தம். வீட்டில் பேச்சுக் குறைந்தது. இந்தப் படத்தைப் பார்க்காமல் விட்டால் 86 ரூபாய் நஷ்டம் என்ற நினைப்பில் தூங்கி வழிந்துகொண்டு பார்த்தேன். கோபம் முழுவதும் படத்தின் மேல் திரும்பியது. இவ்வளவு குப்பையை எப்படித்தான் எடுத்தார்களோ என்று.

எப்படி எடுத்தார்கள் என்று படித்த பிறகுதான் கோபம் தணிந்தது. அந்தக் காலத்து அமெரிக்கத் தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம். பெரிய படத்துக்கு வசூலில் பங்கு. கூட ஓடும் சின்னப் படத்துக்கு இவ்வளவு என்று நிலையான வாடகை மட்டும். எத்தனை பேர் பார்த்தாலும் அதே வாடகை என்றால் எவன் அதிகம் செலவழிப்பான்? படம் எடுப்பதற்கு முன்பே வரவு தெரியும், செலவை அதற்குள் அடக்க வேண்டும், அவ்வளவுதான் தொழில். ஹாலிவுட்டில் கோவர் தெருவைச் சுற்றி இந்தச் சின்னக் கம்பெனிகள் இருந்தன. வேலை தேடும் துணை நடிகர்கள் கௌபாய் உடுப்போடே அந்தத் தெருமுனையில் நின்று காத்திருப்பார்களாம். பிஆர்சி என்ற கம்பெனியில் சாம் நியூஃபீல்டு என்ற இயக்குநர் எடுத்த படங்கள் அளவுக்கு மீறிப் போனதால், ஒரே ஆள் பெயர் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று ஷெர்மன் ஸ்காட், பீட்டர் ஸ்டீவர்ட் என்ற பெயர்களையும் டைட்டிலில் போட்டார்கள். நான் மூன்று இயக்குநர்களை ஒப்பிட்டு ஒரு நோட்டில் குறிப்பெல்லாம் எழுதிவைத்திருந்தேன். மூன்றும் ஒரே ஆள்! அந்த நோட்டு இன்னும் இருக்கிறது, யாருக்கும் காட்டுவதில்லை.

பார்வையாளர்கள் பெரும்பாலும் சனிக்கிழமை மதியக் காட்சிக்கு வரும் பையன்கள். வாரம் ஒன்று பார்ப்பான், அடுத்த வாரம் வருவதற்குள் கதை மறந்திருக்கும், அதே துரத்தல் புதிதாகத் தெரியும். நான் அவனுடைய ஆறு மாதத்தை இரண்டு வாரத்தில் விழுங்கப் பார்த்திருக்கிறேன். அதனால் வாரம் ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. இருபது நிமிடத்தில் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். காசு எப்படியும் போனதுதான்.

கதையை விட்டுவிட்டு வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டாலும் சுவாரசியம் திரும்பும். நான் பிடித்துக்கொண்டது யகிமா கனுட் என்ற சண்டை நடிகரை. பெரும்பாலும் வில்லனின் அடியாளாக வருவார், அதே படத்தில் நாயகனுக்கு டூப்பும் அவர்தான். சில இடங்களில் அவரை அவரே துரத்துவார். முகத்துக்குப் பக்கத்தில் முஷ்டியை வீசி, கேமரா கோணத்தால் அடி விழுந்த மாதிரி காட்டும் முறையை வெய்னும் இவரும் இயக்குநர் ராபர்ட் பிராட்பரியும் இந்த மலிவுப் படங்களில்தான் பழகிச் செம்மையாக்கினார்கள். ஓடும் குதிரைகளுக்கு நடுவே விழுந்து வண்டிக்கு அடியில் போகும் வித்தையை, 'ஸ்டேஜ்கோச்'சுக்கு முன்பே சில்லறைப் படத்தில் செய்து பார்த்துவிட்டார். 1959இன் 'பென் ஹர்' ரதப் பந்தயத்தை அமைத்தவரும் இவர்தான். பின்னால் கௌரவ ஆஸ்கரும் கொடுத்தார்கள். ஹாப்பலாங் கேசிடி படங்களில் கேமராவைப் பாருங்கள். அவற்றில் பலவற்றை ஒளிப்பதிவு செய்த ரஸ்ஸல் ஹார்லன்தான் 1948இல் வந்த 'ரெட் ரிவர்' படத்துக்கும் ஒளிப்பதிவாளர்.

ரசிக்க முடியாதவையும் உண்டு, குழந்தைகளோடு உட்காரும் முன் தெரிந்திருப்பது நல்லது. குதிரை தலைகுப்புற விழும் காட்சிகளில் பலவற்றில் அதன் முன்னங்காலில் கம்பி கட்டி, ஓட்டத்தின் நடுவே இழுத்து விழவைத்திருக்கிறார்கள். என் மனைவி சரியாகச் சொன்ன அந்தக் குன்றுக் காட்சிகூட அப்படித்தானோ என்று நினைத்தபின் என்னால் அதைப் பார்க்க முடிவதில்லை. 1939இல் வெளியான வேறொரு பெரிய படத்துக்காக ஒரு குதிரையை மலைமுகட்டிலிருந்து ஏரியில் தள்ளி, அது செத்துப்போய்ப் பெரிய கண்டனம் எழுந்த பிறகுதான் படப்பிடிப்பில் விலங்குகளைக் கண்காணிக்க ஆள் வந்தார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளைக் காட்டும் விதம் பல படங்களில் கேவலம், கறுப்பினத்தவரைக் காட்டுவது அதைவிட. அப்படி ஒரு வாரம் மனம் கசந்திருந்தபோது ஹெர்ப் ஜெஃப்ரீஸ் நடித்த 'தி பிரான்ஸ் பக்காரூ' கிடைத்தது. 1939ஆம் வருடப் படம். முழுக்கக் கறுப்பின நடிகர்கள், கறுப்பினத்தவருக்கான தியேட்டர்களுக்காக எடுத்தது. அதுவும் மலிவுதான், அதே பண்ணை, அதே வில்லன். ஆனால் ஜெஃப்ரீஸ் குதிரையில் உட்கார்ந்திருக்கும் மிடுக்கு வேறு.

பேசாப்படங்களுக்குள் போக நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ஆட்கள் கோழி கொத்துவது மாதிரி வெடுக் வெடுக்கென்று நடந்தால் படம் தப்பான வேகத்தில் ஓடுகிறது, வேறு பிரதி தேடுங்கள். தேடியும் கிடைக்காத படங்கள் ஏராளம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1937இல் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெர்ரி கிடங்கில் ஃபாக்ஸ் கம்பெனியின், எளிதில் தீப்பிடிக்கும் பழைய நைட்ரேட் பிலிம்கள் எரிந்துபோயின, டாம் மிக்ஸ் நடித்த பல படங்கள் அதோடு போயின. 'அபூர்வப் படம், முழுப் பிரதி' என்று ஒருவர் எனக்கு 900 ரூபாய்க்கு ஒன்றை விற்க வந்தார். படம் தொலைந்த படங்களின் பட்டியலில் இருந்தது. அந்த ஒரு தடவையாவது காசு தப்பியது.

டப்பா இப்போது அலமாரி மேல் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு படம், நேரம் சரிபார்த்த பிரதி, கூட ஒரு தட்டு பொரி. மனைவியும் வந்து உட்காருகிறாள், கதைக்காக அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஐவர்சன் பண்ணை என்று ஒரு இடம், இந்தக் கம்பெனிகள் எல்லாம் வாடகைக்கு எடுத்து நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்த பாறைக் காடு. டெக்சாஸ் என்றாலும் அரிசோனா என்றாலும் வண்டி அதே இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவில்தான் வரும். போன வாரம் படம் தொடங்கி நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

"வந்துடுச்சு பாருங்க, நம்ம பாறை" என்றாள்.